ஆன மாதிரிதான்

எங்கள் ஊர்க் கமிட்டித் தலைவரிடம் "வேலை எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டால் நான்கில் ஒரு பதில் வரும். "முடிஞ்சிருச்சு" என்றால் பாதி ஆகியிருக்கிறது. "முடிஞ்ச மாதிரிதான்" என்றால் ஆளிடம் பேசியிருக்கிறார். "முடிச்சிரலாம்" என்றால் எந்த ஆளிடம் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். "அதெல்லாம் ஒரு விசயமா?" என்று சிரித்தால், அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும். இந்த இலக்கணம் எனக்குப் பிடிபட ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் கோவில் கும்பாபிஷேகமே நெருங்கிவிட்டது.

தலைவர் எனக்கு ஊர் முறையில் மாமா. எந்தத் தேர்தலிலும் நின்று தலைவரானவர் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கபடிப் போட்டிக்குக் கமிட்டி போட்டபோது, மற்றவர்கள் எழுந்து டீ குடிக்கப் போக, இவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து தலைவர்தான். மஞ்சுவிரட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா, கண் சிகிச்சை முகாம், ஊரணி தூர் வாருதல் எதுவானாலும் நோட்டீஸில் முதல் பெயர் அவருடையது. தொழில் என்று கேட்டால் விவசாயம் என்பார். வயலைப் பார்த்துக்கொள்வது அத்தை.

வெள்ளைச் சட்டை. அதன் பையில் ஒரு ரசீதுப் புத்தகம், மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று, இரண்டு பேனா. ஒன்று எழுதும், மற்றது இரவல் கேட்பவர்களுக்கு. கையில் ஒரு நீள டைரி. அந்த டைரியில்தான் எங்கள் ஊரின் மொத்த நிர்வாகமும் இருந்தது. மழையில் நனைந்தபோது என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சென்னையில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் ப்ராஜெக்ட் மேனேஜர். சும்மா மேனேஜர் இல்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்து இருநூறு கேள்விக்கு விடை குறித்து, சர்வதேசச் சான்றிதழ் வாங்கியவன். எங்கள் மாரியம்மன் கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. கமிட்டி போட்டார்கள். மொத்தம் 27 பேர்: துணைத் தலைவர் நான்கு, துணைச் செயலாளர் ஆறு, கௌரவ ஆலோசகர் எட்டு. எனக்குக் கிடைத்தது 'ஒருங்கிணைப்பாளர், சென்னை'. சென்னையில் ஒருங்கிணைக்க என்னைத் தவிர யாரும் இல்லை.

இருபத்தேழு பேரில் வேலை செய்தது ஐந்து பேர். இதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, அந்தக் கணக்கை 1913-இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவன் காட்டும் பலத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான், எட்டுப் பேராகச் சேர்ந்து இழுக்கும்போது காட்டுகிறான். தேர் வடம் பிடித்த எவருக்கும் இது தெரியும். முன்னால் நாலு பேர் இழுப்பார்கள். மற்றவர்கள் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

ஒரு குழு முதலில் கூடும், அப்புறம் முட்டிக்கொள்ளும், அப்புறம் படியும், கடைசியில் வேலை செய்யும் என்று டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-இல் வரிசைப்படுத்தியிருக்கிறார். எங்கள் கமிட்டி நேரே இரண்டாவதில் ஆரம்பித்தது. முதல் கூட்டத்துக்கு நாற்காலி போடும்போதே, கைப்பிடி வைத்த நாற்காலி ஏழுதான் இருக்கிறது என்று தெரியவந்தது.

அந்தக் கூட்டத்தை மறக்க முடியாது. கோபுரத்துக்குச் சாரம் கட்ட, சுதை வேலை செய்ய, வர்ணம் பூச என்று மொத்தம் பதினாலு லட்ச ரூபாய் மதிப்பீட்டைச் செயலாளர் வாசித்தார். ஒரு வெற்றிலையை நீவிச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போடுகிற நேரத்தில் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த பொருள்: வேலையாட்களுக்கு டீ கண்ணாடி கிளாஸிலா, பேப்பர் கப்பிலா? ஒன்றரை மணி நேரம். பேப்பர் கப்பில் மெழுகு இருக்கிறது என்றார் ஒருவர். கிளாஸ் கழுவ ஆள் யார் என்றார் இன்னொருவர். நாலாவது துணைத் தலைவர் வெளிநடப்புச் செய்தார்; எந்தப் பக்கத்துக்காக என்று இன்றுவரை தெரியவில்லை.

பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். அவர் கதையில் ஒரு கமிட்டி, ஒரு கோடி பவுன் அணு உலையை இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டு, 350 பவுன் சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கூட்டத்தில் கொடுக்கும் காபிச் செலவுக்கு, வருடத்துக்கு 21 பவுன்தான், ஒன்றேகால் மணி நேரம். அணு உலை யாருக்கும் தெரியாது. காபி எல்லோருக்கும் தெரியும். பார்க்கின்சன் அப்போது சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியர். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்திலேயே சிங்கப்பூரில் நிறைய. யாரோ ஊர்க் கமிட்டிக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் தயாராகப் போனேன். ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1910-களில் பரப்பிய பட்டை அட்டவணை. எது எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ணப் பட்டை. பாலாலயம் நீலம், சாரம் பழுப்பு, சுதை பச்சை, வர்ணம் ஊதா, யாகசாலை சிவப்பு. பெரிய தாளில் அச்செடுத்து மண்டபச் சுவரில் ஒட்டினேன். ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். பிறகு தோளில் கை போட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி மாப்ளே. கோவிச்சுக்கிறதுக்கு எத்தன நாளு போட்டிருக்கே?"

"புரியல மாமா."

"மேலத்தெருக்காரன் பத்திரிகை அடிக்கையில ஒருதடவை கோவிச்சுக்குவான். நாலு நாளு. பூசாரி, சிவாச்சாரியார வெளியூர்லேர்ந்து கூப்பிட்டதுக்கு. ரெண்டு நாளு. ஸ்தபதி எப்படியும் ஒரு வாரம் ஊருக்குப் போயிருவாரு. பொருளாளரு ரெண்டுதடவை ராஜினாமா பண்ணுவாரு, அதுக்கு நாளு வேணாம், சாயங்காலமே வந்துருவாரு. இதெல்லாம் எந்தக் கலர்ல இருக்கு?"

இருநூறு கேள்வியில் ஒன்றுகூட இதைப் பற்றி வரவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால், மேலத்தெரு நாலரை நாள். மற்றதெல்லாம் அவர் சொன்ன கணக்குத்தான். பொருளாளர் மட்டும் மூன்றுதடவை.

பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்பதுதான் மேலத்தெருவின் வழக்கு. தலைவர் ஓர் உபாயம் செய்தார். அம்மன் படத்தை நடுவில் போட்டு, பெயர்களையெல்லாம் சுற்றி வட்டமாக அச்சடிக்கச் சொன்னார். வட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. ஒரு நாள் அமைதி. மறுநாள், அம்மன் கிரீடத்துக்கு நேரே மேலே கீழத்தெருக்காரர் பெயர் வந்திருப்பதையும், காலடியில் மேலத்தெருக்காரர் பெயர் இருப்பதையும் ஒருவர் கண்டுபிடித்தார். தலைவர் அசரவில்லை. "அம்மா தலைக்கு மேல ஏறி நிக்கிறவனுக்கு என்ன கதி? காலடியில கிடக்கிறவன்தானே புண்ணியம் பண்ணவன்?" என்றார். மேலத்தெரு சமாதானமாயிற்று. அன்று மாலையே கீழத்தெரு கிளம்பி வந்தது, எங்களுக்கும் காலடிதான் வேண்டும் என்று.

கோபித்துக்கொண்டவர்களை அவர் கையாளும் விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விடிகாலை ஆறு மணிக்கு அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார். விசயத்தைப் பேச மாட்டார். காபி கேட்பார். சர்க்கரை குறைவு என்பார். கன்றுக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு நின்றதா என்பார். எழுந்து வந்துவிடுவார். பத்து மணிக்கு அந்த ஆள் கோவில் வாசலில் நிற்பார். இதற்கு எங்கள் ஆபீஸில் நீளமான பெயர் உண்டு, இரண்டு நாள் பயிற்சி வகுப்பு உண்டு, மத்தியானச் சாப்பாடும் உண்டு. இவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தேன்'.

இதைப் படித்துவிட்டு, பட்டிக்காட்டு ஞானி, பட்டணத்து முட்டாள் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஞானி செங்கல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தவரில்லை. ஆனி கடைசி ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்ததும், அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும் என்பதால், வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நாள் எண்ண ஆரம்பித்தார். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, மூன்று மாதம் கெடு கொடுத்த வேலையை 46 நாளில் முடித்தவர் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன். பின்னால் டெல்லி மெட்ரோ கட்டியபோது, இன்னும் இத்தனை நாள் என்று காட்டும் பலகைகளை வேலை நடக்கும் இடங்களில் வைத்தவரும் அவர்தான். எங்கள் ஊரில் அந்தப் பலகை தலைவரேதான். வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் கிடையாது. "இன்னும் நாப்பத்து மூணு நாளு". துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட, பெரியவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய எழப்புதான் தம்பி… இன்னும் முப்பத்தோரு நாளு" என்றார்.

வேலை ஏவும்போது அவர் பேசும் தமிழைக் கவனிக்க வேண்டும். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'நாம்'. தலைவரின் 'நாம'வில் கேட்பவர் மட்டும்தான் இருப்பார். "நாம காரைக்குடி போயி அந்த மணியப் பாத்துட்டு வந்துருவோம்" என்றால், நான் பஸ் ஏற வேண்டும். "நாம ராத்திரி கண் முழிச்சுத் தண்ணி பிடிச்சிருவோம்" என்றால், துணைச் செயலாளர்களுக்கு அன்று தூக்கம் இல்லை. வேலை கெட்டுப்போனால் 'நீங்க'. நன்றாக வந்தாலோ 'நான்' என்று சொல்லுவார் என்று நினைப்பீர்கள். இல்லை, "அம்மா செஞ்சா" என்பார். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் மறுநாளும் வந்தார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஆபீஸில் அந்த இடத்தில் டெலிவரி ஹெட்டின் பெயர் வரும்.

ஸ்தபதி விசயத்தில் நான் என் வித்தையைக் காட்டப் பார்த்தேன். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக 1958-இல் ஒரு கணக்கு உண்டாக்கியது. எல்லாம் நல்லபடி நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள் என்று மூன்று பதில் வாங்கி, நடு எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஸ்தபதியிடம் நான் மூன்றுதடவை கேட்கவே தேவைப்படவில்லை. காலையில் "ரெண்டே நாளு" என்றார். டீ வேளையில் "பத்து நாளு ஆகும்" என்றார். பொழுது சாய்ந்ததும் "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எதிர்பாக்காதீங்க தம்பி". கணக்குப் போட்டேன்: 17 நாள். தலைவரிடம் ஓடினேன்.

"ரெண்டு மாசம்னு எந்த வேளையில சொன்னாரு?"

"சாயங்காலம்."

"சனிக்கிழமை சாயங்காலமா?"

ஆமாம், சனிக்கிழமை. வாரக் கூலி பாக்கி இருந்தது. தலைவர் பையிலிருந்த அந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுக்கவில்லை. அது எப்போதும் எடுக்கப்படுவதில்லை. பொருளாளரைக் கூப்பிட்டுப் பாக்கியைத் தீர்க்கச் சொன்னார். இரண்டு மாதம், அந்த இடத்திலேயே, பத்து நாளாயிற்று.

ஆனால் வர்ண வேலையில் அவர் வழுக்கினார், அதையும் சொல்ல வேண்டும். நாள் நெருங்க நெருங்கக் கோபுரத்தில் மூன்று நிலையில் ஒரு நிலைதான் முடிந்திருந்தது. பெரியவர் ஒருவரும் அவர் மகனும்தான் வேலை செய்தார்கள். "இன்னும் நாலு பேரப் போடுவோம்" என்றார் தலைவர். நான் வேண்டாம் என்றேன். ஐ.பி.எம். கம்பெனியில் பெரிய மென்பொருள் வேலையை நடத்திப் பட்டுத் தெளிந்த ஃப்ரெட் புரூக்ஸ், தாமதமான வேலையில் புது ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதியதைச் சொன்னேன்: பழைய ஆள் தன் வேலையை விட்டுவிட்டுப் புது ஆளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பான். தலைவர், "அவரு இட்லி தின்னுருப்பாரா மாப்ளே?" என்றார். தின்றிருக்க மாட்டார்தான். ஆனால் மாவு எட்டு மணி நேரம் புளிக்க வேண்டுமென்றால், எட்டுப் பேர் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு மணியில் புளிக்குமா என்று நானும் விடாமல் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்கு யாருடைய அட்டவணையிலும் நாள் இல்லை.

நாலு பேர் வந்தார்கள். பிளெக்ஸ் வந்து தொழிலைத் தின்றுவிடும்வரை கட்-அவுட் வரைந்துகொண்டிருந்தவர்கள். நல்ல கை, சந்தேகமில்லை. கோபுரத்தில் மேல் நிலையைத் தாங்கிக்கொண்டு பல்லைக் கடித்து நிற்கும் பூதங்கள் உண்டல்லவா? அவற்றுக்கு முகம் எழுதினார்கள். ஆறு பூதமும் தலையில் கோபுரத்தைச் சுமந்துகொண்டு கதாநாயகனைப்போல மலர்ந்து சிரித்தன. முதுகு ஒடியும் பாரத்தோடு அப்படி ஒரு சிரிப்பை எங்கள் கம்பெனியின் ஆண்டு மலரில்தான் பார்த்திருக்கிறேன். பெரியவர் தன் வேலையை நிறுத்திவிட்டு, மூன்று நாள் உட்கார்ந்து அந்தச் சிரிப்பை அழித்தார். ஐந்தைத்தான் முடிக்க முடிந்தது. வடமேற்கு மூலையில் ஒரு பூதம் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறது. "அது அம்மா உத்தரவு" என்றார் தலைவர். புரூக்ஸ் ஜெயித்ததை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அஷ்டபந்தன மருந்து இடிக்கும் நாளில், கொம்பரக்கும் குங்கிலியமும் தேன்மெழுகும் எருமை வெண்ணெயுமாக எட்டுச் சரக்கைப் போட்டு இடிக்க இளவட்டங்கள் கும்பலாக வந்தபோது, "ஒரலுக்கு நாலு பேரு போதும். கூட்டம் போட்டாப் பதம் சீக்கிரம் வந்துருமா?" என்று விரட்டினார். என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார்.

இப்போது டைரி. நன்கொடை கொடுத்தவர் யார், எவ்வளவு, தலைக்கட்டு வரியில் பாக்கி யாருக்கு, மைக் செட்டுக்கு முன்பணம் எவ்வளவு, எல்லாம் அதில். நகல் கிடையாது. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் நாலுதடவை சொன்னேன். "எல்லாம் மண்டையில இருக்கு மாப்ளே" என்றார். வைகாசிக் கோடை மழை ஒருநாள் சாயங்காலம் வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டது. தலைவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டைரி நாற்காலிக்கு அடியில் இருந்தது. பச்சை மை. காயவைத்துத் திறந்தால் ஊர் முழுக்க ஒரே வயலாகத் தெரிந்தது.

வேறு வழியில்லாமல், அவரவர் கொடுத்ததை அவரவரே வந்து சொல்லுங்கள் என்று தண்டோரா போட்டோம். சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால், மழைக்கு முன் இருந்ததைவிட வசூல் அறுபத்தெட்டாயிரம் அதிகம். பணப்பெட்டியில் மட்டும் பழைய தொகைதான் இருந்தது. கல்வெட்டில் எதைப் பொறிப்பது? தலைவர் முதல்முறையாக எழுந்து நின்று யோசித்தார். அப்போது அத்தை பால் கணக்கு நோட்டோடு வந்தாள். பின்பக்கத்திலிருந்து திருப்பினால், தேதி, பெயர், தொகை, ஒன்று விடாமல். "டைரில எழுதறதுக்கு முன்னாடி வீட்ல வந்து ஒருதடவை சொல்லிட்டுத்தான் எழுதுவாரு" என்றாள். கமிட்டியின் இருபத்தேழு பேரில் அத்தை பெயர் இல்லை. எண்ணிப் பார்த்தேன், பெண் பெயரே இல்லை. அந்த நோட்டுக்கு அன்றைக்கு அத்தைக்குக் கிடைத்தது, தலைவர் வாயால், "நாம அப்பவே குறிச்சு வச்சிட்டோம்ல" என்ற ஒரு வார்த்தை. அந்த 'நாம'வில் மட்டும் கேட்ட ஆளும் உண்மையாகவே இருந்தாள்.

குடமுழுக்கு நடந்தது. ஒன்பது நாற்பதுக்குக் கலசத்தில் நீர் விழுந்தது. ஊரே கைகளைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது, கருடனுக்காக. என் அட்டவணையில் கருடனுக்குப் பட்டை இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சிவாச்சாரியார்கூட லேசாக அண்ணாந்தார். தெற்கேயிருந்து ஒரு செம்பருந்து வந்து, நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றியது. குலவைச் சத்தத்தில் காது அடைத்தது. என் பக்கத்தில் நின்ற தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்கும் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தவர்போல ஒரு தலையசைப்பு மட்டும் செய்தார்.

கணக்கு முடித்தபோது நாற்பத்து மூவாயிரம் துண்டு விழுந்தது. சிட்னி இசை மாளிகையை எழுபது லட்சம் டாலரில் கட்டுவதாகச் சொல்லித் தொடங்கி, 1973-இல் பத்துக் கோடியே இருபது லட்சத்தில் முடித்தார்கள் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "அவங்க அன்னதானமும் போட்டாங்களா?" என்று கேட்டார் பொருளாளர். இல்லை என்றேன். எல்லோருக்கும் மனம் நிறைந்துவிட்டது.

மண்டலாபிஷேகத்தின் நாற்பத்தெட்டு நாள் இன்னும் முடியவில்லை. போன வாரம், ஆபீஸில் க்ளையண்ட் கால் ஓடிக்கொண்டிருக்கும்போது தலைவர் போன் வந்தது. மைக்கை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"மாப்ளே, தேருக்கு ஒரு கமிட்டி போட்டுருக்கோம். நாம செஞ்சிருவோம். ஒன் பேர நோட்டீஸ்ல மூணாவதாப் போட்டுருக்கேன்."

"எந்த அளவுல இருக்கு மாமா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

எனக்கு இங்கே இரண்டு ரிலீஸ் தலைக்கு மேல் நிற்கிறது, வர முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மூணாவதா? ரெண்டாவது யாரு?" என்றேன்.